எட்டாம் கட்டளை

எங்கள் லுத்தரன் சபை சிறியது. தூத்துக்குடியில் ஆட்டோக்காரரிடம் எங்கள் கோயிலைச் சொன்னால் வேறு ஏதாவது கோயில் வாசலில்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அந்தச் சபையில், சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்குக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஞானோபதேச வகுப்பு எடுப்பவள் நான். மற்ற நாட்களில் சரக்குக் கப்பலுக்குப் பேப்பர் தயார் செய்யும் அலுவலகத்தில் வேலை.

வகுப்பு முறை பழையது. வேதத்தின் பத்துக் கட்டளைகளில் நான் கேட்பதைப் பிள்ளை சொல்ல வேண்டும். உடனே நான், "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்பேன். அர்த்தத்தையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒரு சொல் இடறினாலும் விடமாட்டேன். பிள்ளைகளுக்கு என்னைக் கண்டால் பயம். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருஷம் தம்பிக்குக் கல்யாணம் முடித்தோம். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பெண்ணுக்கு ஊர் ஏரல். எங்களைப் போலப் புராட்டஸ்டண்டு குடும்பம்தான், ஆனால் வேறு சபை. வந்த ஐந்து மாதத்தில் அம்மாவுக்கு என்னைவிட அவளைப் பிடித்துப்போனது. என்னை அவள் "மைனி, மைனி" என்று கூப்பிடும்போது எனக்கும் உள்ளுக்குள் இனிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஒரு நாள் காலையில் என் கம்மல் ஒன்றைக் காணவில்லை. குளிக்கப் போகும்போது கழற்றி ஜன்னலில் வைத்ததாக ஞாபகம். வீட்டையே புரட்டிப் போட்டேன். அலுவலகத்துக்கு நேரமாகிற எரிச்சல் வேறு. என்னோடு தேடிக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து சொன்னாள்.

"மைனி, பக்கத்து வீட்டக்கா காலைல தண்ணி புடிக்க வந்தாவ. அவுகளத் தவிர யாரும் வரலயே."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏளா, எட்டாங்கட்டளைய மறந்துராத!" என்று கத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கம்மல் சாயங்காலம் கிடைத்துவிட்டது. நான் தலை துவட்டிய துண்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. சிரித்தபடி எல்லோரிடமும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை, தன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஏரலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. தம்பி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டான். காரணம் கேட்டால் அழுகிறாளாம், வாய் திறக்கவில்லையாம். அவன் வேலை முடிந்து வந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். என்னடா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். குற்றம் யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு சிறுமியை எட்டாம் கட்டளை சொல்லச் சொன்னேன். அவள் அம்மா வேறு சபையில் வளர்ந்தவர்.

"களவு செய்யாதே," என்றாள் அவள்.

"அது ஏழு."

"இல்ல டீச்சர், எட்டு. எங்கம்மா எட்டுன்னுதான் சொல்லிக்குடுத்தாவ."

இது புதிதல்ல. விக்கிரகத்தைப் பற்றிய கட்டளையை நாங்கள் முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்து எண்ணுவோம். மற்றச் சபைகளில் அது தனியாக இரண்டாவது. அதனால் நடுவில் உள்ளவற்றுக்கு அவர்கள் கணக்கில் ஒரு எண் கூடும். எங்களுக்கு எட்டு, பிறர்மேல் பொய்சாட்சி சொல்லாதே என்பது. அவர்களுக்கு எட்டு, களவு செய்யாதே என்பது. வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதில் மாட்டும், நானும் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்றைக்குப் போக முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரியைப் பற்றித் தெரியாமல் பேசாதே என்று நான் சொன்னது, தம்பி பெண்டாட்டி காதில் திருடாதே என்று விழுந்திருக்கிறது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஏரல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சந்தோஷம். கேவலம் ஒரு எண் செய்த வேலை! சொன்னால் சிரித்துவிடுவாள், கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அவளை எதிரே உட்காரவைத்து விரல் மடக்கி எண்ணிக் காட்டினேன். அவளும் தன் கணக்குப்படி எண்ணிப் பார்த்தாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா எண்ணுனிய போங்க!" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குப் போனார்.

அவள் முகம் மட்டும் மாறவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எட்டோ ஒம்பதோ இருக்கட்டும் மைனி. அன்னைக்குப் பஸ்ஸுக்குப் போகும்போது வாசல்ல நின்னு திரும்பி என்னய ஒரு பார்வ பாத்திய. அதுக்கு அர்த்தம் என்ன?"

பதினான்கு வயதில் எட்டாம் கட்டளையின் அர்த்தத்தைத் தப்பில்லாமல் சொல்லிச் சபைக்கு முன்னால் நின்றவள் நான். அடுத்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும், அவர் செய்வதை நல்ல விதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கடிகாரத்தைப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்ளா," என்றேன். "நீ வெளியூர்க்காரி, வந்து அஞ்சு மாசந்தான் ஆவுதுன்னு தோணிச்சு. ஒன்னப் போயி அப்படி நெனச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்பரோட நிறுத்தியிருந்தியன்னா நான் வந்திருக்க மாட்டேன் மைனி," என்று சொல்லிவிட்டு, துணியைப் பையில் எடுத்துவைக்க உள்ளே போனாள்.