விருது பெற்ற குணங்கள்

குழந்தைகள் நூலகத்தில் வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துப் பழகிய உங்களுக்குத்தான் நம் பாடு தெரியும். விருது வாங்கிய கதைகளைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிற பெற்றோர் கதை என்ன என்று கேட்பதில்லை. "இது எந்தக் குணத்துக்கு மேடம்?" என்று மருந்துக் கடையில் கேட்பதுபோலக் கேட்கிறார்கள்.

இரக்கம்

வேங்கிக்காலில் அரசு வேலையில் இருப்பவர் ஒருவர், அடிபட்ட நாயை வளர்க்கும் சிறுவனின் கதையை மகனுக்கு வாங்கிப் போனார். அடுத்த வாரமே பையன், கிரிவலப் பாதையில் ஒரு மரத்தடியில் கால் புண்ணோடு கிடந்த ஒரு கிழவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அப்பா அவரைக் கொண்டுபோய் அதே மரத்தடியில் இறக்கிவிட்டார். பையன் சாப்பிட மறுத்துவிட்டான். அப்பா புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார்.

"இரக்கமே வேணாம்னு சொல்லல மேடம். கொஞ்சம் கம்மியா இருக்கிற புக்கா குடுங்க."

உண்மை

செல்வி ஆறாம் வகுப்பு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு பௌர்ணமி அன்று குடித்துவிட்டு ஓட்டி, ஓரமாக நடந்துபோன ஒரு பெண்மேல் ஏற்றிவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனாள். வண்டியில் செல்வியும் இருந்தாள். "பிரேக் புடிக்கலைன்னு சொல்லு" என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் கேட்டபோது அவள் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். அப்பா ஜெயிலுக்குப் போனார்.

அதற்குச் சில நாள் முன்புதான், என்ன வந்தாலும் பொய் சொல்லாத ஒரு சிறுமியின் கதையை நான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். அதில் ஊரே அந்தச் சிறுமியைக் கொண்டாடும். செல்வியோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை.

புத்தகத்தோடு அம்மா வந்தார். பின்னால் செல்வி, தலையைக் குனிந்தபடி. நாற்காலியைக் காட்டினேன். அம்மா உட்காரவில்லை.

"பொய் சொல்றதுக்கு ஒரு புக்கு இருந்தா குடுங்க மேடம். நாங்க பொழைக்கணும்."

துணிச்சல்

அடி அண்ணாமலையில் ஒரு விவசாயி. அவருடைய மகள், கிணற்றில் விழுந்த தன் தம்பியைத் தூக்கக் குதித்தாள். அவனைப் படியில் ஏற்றிவிட்டாள். அவளால் ஏற முடியவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் வந்தார். கையில், மகள் எடுத்துப் போயிருந்த புத்தகம்; தோழனுக்காக ஆற்றில் குதிக்கும் சிறுமியின் கதை. "நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். தலையாட்டி மறுத்தார்.

"சின்னவன் இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் மேடம். இத அவன் கண்ணுல படாத எடத்துல வெச்சிடுங்க."

என்றாவது விருதுக் குழுவில் என்னையும் உட்கார வைத்தால், இந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர யார் வருவார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.