ஒரே ஒரு ஸ்லைட்

பாலையூற்று யசோதராவுக்கு மேடைப்பேச்சு வராது. ஸ்லைட் செய்ய வரும். உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு கடலுக்குப் போகும்படி சல்லிக் கிராமத்து மீனவர்களுக்கு விளங்கப்படுத்துவது, தொண்டு நிறுவனமொன்றில் அவள் பார்த்த வேலை.

முதற்கூட்டத்துக்கு முப்பத்திரண்டு ஸ்லைட் கொண்டுபோனாள். எல்லாம் அட்டவணை. படம் ஒன்றுதான், அதுவும் இணையத்தில் எடுத்தது. அங்கி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஏதோ ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் எந்தக் கடலுக்குப் போறவர், பிள்ளை?" என்று முன்கதிரையிலிருந்த தம்பையா கேட்டார். மண்டபமே சிரித்தது. கூட்டம் அதோடு சரி.

அடுத்த கிழமை அவள் வீடு வீடாகப் போனாள். நிறுவனம் முன்பு கொடுத்த அங்கிகள் எல்லா வீடுகளிலும் இருந்தன, கொடுத்த மாதிரியே. போன மாரியில் கடலுக்குப் போய்த் திரும்பாத சோமசேகரத்தின் வீட்டில் மட்டும், அவருடைய மனைவி நல்லம்மாவிடம் கேட்டு ஒரு படம் எடுத்தாள்.

இரண்டாம் கூட்டத்தில் அந்தப் படம் மட்டும்தான். சுவரில் மாலை போட்ட சோமசேகரம். பக்கத்து ஆணியில் பொலித்தீன் உறை பிரிக்காத அங்கி. தம்பையா சிரிக்கவில்லை. ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. அவரைப் பற்றி எழுதி வைத்திருந்த கதையைச் சொல்ல யசோதரா வாயெடுத்தாள்.

அதற்குள் பின்வரிசையில் நல்லம்மா எழுந்தாள்.

"அவர் போடத்தான் எடுத்தவர். புதுசு, உப்புத்தண்ணி பட்டாப் பழுதாப் போயிடும் எண்டு நான்தான் பறிச்சு ஆணியில கொழுவினனான்."