அம்மாவின் சீசாவும் அப்பாவின் பூண்டும்

பினாங்கில் பூண்டு விளையாது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும், என் அப்பாவைத் தவிர. தம்பி பிறந்து அம்மாவுக்குப் பால் போதவில்லை. பாசாரில் விற்கிற பூண்டில் காரமே கிடையாது, மழை காணாத எங்கள் ஊர்ப் பூண்டுதான் பால் சுரக்க வைக்கும் என்பது அப்பாவின் கட்சி. ஊரிலிருந்து வந்த நாலைந்து பல்லை மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊன்றினார். மண்ணும் ஊர் மண் மாதிரியே இருக்க வேண்டுமாம். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை அள்ளி அள்ளிக் கலந்தார். மழை படாமல் மாடித் தாழ்வாரத்தில் வைத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்ததும் முதலில் தம்பியைப் பார்ப்பார், அடுத்தது தகரத்தை.

முளைத்தது. பிறகு இலையெல்லாம் மஞ்சளடித்துப் போனது. அம்மாவின் முகமும் அப்போது அந்த நிறம்தான்.

எங்கள் மாடிக்குக் கீழே நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பாயிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு பாய். எங்க ஊருலயும் இப்படித்தான் வெளுக்கும். இரும்புச் சத்து ஏறணும், கொஞ்சம் அன்னபேதி குடுங்க."

"அண்ணிக்கு வெளுப்பு போகக் காய்ச்சிக் குடுத்தேனே, அந்தச் சீசாவோட தீந்துபோச்சுண்ணே. இனி கப்பல் வந்தாத்தான் லா."

அப்பா வெறுங்கையோடு படியேறினார். எனக்குப் பொறுக்கவில்லை. மருந்தும் அம்மாவுக்கு, பூண்டும் அம்மாவுக்கு. எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தால் என்ன? ஏழு வயதின் கணக்கு அது. அம்மா தம்பியைக் குளிப்பாட்டும் நேரத்தில் அந்தக் கறுப்பு மருந்துச் சீசாவைத் தகரத்தில் கவிழ்த்துத் தண்ணீரும் ஊற்றினேன்.

சில நாளில் புதுக் குருத்து பச்சையாக வந்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அப்பா தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய்க் காட்டினார். நான் கவிழ்த்த அன்றைக்கே அம்மா காலிச் சீசாவைப் பார்த்திருந்தாள், என் விரலில் இருந்த கறுப்புக் கறையையும் பார்த்திருந்தாள். "மருந்து தீந்துடுச்சா?" என்று அப்பா கேட்டபோது, "நான்தான் குடிச்சுத் தீத்தேன்" என்றாள். நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிடுங்கியபோது எல்லாம் சேர்ந்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. அப்பாவே பாலில் வேகவைத்துக் கொடுத்தார். "நம்ம ஊரு வாசனை" என்றாள் அம்மா. அப்பா ரொம்ப நேரம் தம்பியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்த மாதங்களில் அம்மா மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் குட்டிக் கால்களுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்து, "நீ போம்மா, நான் வந்துருவேன்" என்பேன்.