பூனை எடுக்கப் போன நாங்கள்

ஆஸ்பத்திரி நடைபாதையில் என் செருப்பு தரையோடு ஒட்டியது. குனிந்து பார்த்தால் இரத்தம். யாருடையது என்று பார்க்க நேரமில்லை, தள்ளுவண்டியில் போனது என் மனுசன். கொட்டாஞ்சேனையில் இடியப்பப் பார்சலோடு பஸ் ஏறினவர், கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்து, நெற்றியில் தகரம் ஏறிக் கிடந்தார். முகம் முகமாக இல்லை. நான் பொத்தான் மாற்றித் தைத்த சேட்டை வைத்துத்தான் எட்வின் என்று அடையாளம் கண்டேன். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவரை அடையாளம் காண அந்த வீட்டுக்காரருக்குச் சேட்டும் மிஞ்சவில்லை.

தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, இப்போது அவருக்கே பயந்து சமையல் குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெளியில் சொல்லமாட்டீர்கள். நானும் சொல்லவில்லை.

சி.டி. ஸ்கான் (தலையை அடுக்கடுக்காகப் பிடிக்கும் படம்) பார்த்த டொக்டர், முன்மூளை நசிந்திருக்கிறது என்றார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதிதான் கோபத்தையும் நாக்கையும் அடக்கி வைப்பதாம். மண்டையோட்டைத் திறந்து, கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். "லொறி ஓடும், ஆனால் பிரேக் எப்படி இருக்கும் என்று வீட்டுக்குப் போனால்தான் தெரியும்" என்றார் டொக்டர். எட்வின் ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்ட் ஒன்றில் கிளார்க். லொறிக் கதை அவருக்கு விளங்கும் என்று டொக்டர் நினைத்திருப்பார். எட்வின் சிரிக்கக்கூட இல்லை.

அடிபட முதல் எட்வின் வாய் செத்த மனுசன். வீட்டுச் சொந்தக்காரன் வாடகையைக் கூட்டினாலும் தலையைத்தான் ஆட்டுவார். அப்படிப்பட்டவர், வீட்டுக்கு வந்த கிழமையே, பருப்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டை எறிந்தார். தட்டுக்குப் பின்னால் கை வந்தது. என் முன்பல் பாதி உடைந்து பருப்புக்குள் விழுந்தது.

பிறகு படுத்துத் தூங்கினார். எழும்பி வந்து, "ஐயோ, உன்ட பல்லுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், நடிப்பில்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன்.

கோபம் தலைக்கேறும் அந்த நேரத்தை அடிபட்ட மூளை பதிந்து வைக்காமல் விடலாம் என்று, நான் உண்மையைச் சொன்ன பிறகு, டொக்டர் சொன்னார். எவ்வளவு வசதியான நோய் என்று எனக்கு எரிந்தது. அடிப்பது அவர், ஞாபகம் வைத்திருப்பது மட்டும் நானா? தலைமயிரில் பிடித்து அறைக்கு அறை இழுத்தது, கழுத்தை நெரித்தபோது கண்ணுக்குள் பொறி பறந்தது, எல்லாம் என் உடம்பில்தான் இருந்தது. இவருடைய அம்மா, என் மாமி, கல்லானாலும் கணவன் என்று பாடம் எடுத்தா. கல்லென்றால் கிடந்த இடத்தில் கிடக்கும், இது பறந்து வந்து விழுகிற கல் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மாமி வரவில்லை, நிம்மதி.

பிசியோதெரபி (கை கால் இயக்கத்தை மீட்கும் பயிற்சி) கொடுத்த மிஸ்தான் பூனையைப் பற்றிச் சொன்னா. இவருடைய வலது கைக்கு அளவு தெரியாமல் போயிருந்தது, டம்ளரைப் பிடித்தால் நொறுங்கும். உயிருள்ள எதையாவது மெதுவாகத் தொட்டுப் பழகட்டும், வெள்ளவத்தையில் பரமேஸ் அக்கா என்று ஒருவ இருக்கிறா, போய்ப் பாருங்கள் என்றா.

பரமேஸ் அக்கா விதவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடற்கரைப் பக்க ஒழுங்கையில், வெளிநாடு போகக் காத்திருக்கிற சனத்துக்கு அறை வாடகைக்கு விட்டவ. சனம் காத்திருக்கும், காத்திருக்கிற அலுப்பில் தெருப்பூனைக்குச் சோறு வைக்கும். ஒருநாள் ஏஜென்சிக்காரன் வருவான், சனம் கனடாவுக்குப் பறக்கும், பூனை வாசல் படலையில் நின்று கத்தும். இப்படிச் சேர்ந்த பூனைகளுக்காக முன் ஹோலில் நாலு மேசை போட்டா. தேத்தண்ணி, கட்லட், மடியில் ஒரு பூனை. பிடித்துப்போனால் வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

போகிற வழியில் செக் பொயின்ற். இருபது வருசம் யார்ட்டில் சிங்களத்திலேயே வேலை செய்தவருக்குக் குண்டுக்குப் பிறகு சிங்களம் வாயில் வரவில்லை. ஆமிக்காரன் கேட்கக் கேட்க இவர் முழித்தார். துவக்கின் அடிக்கட்டை விலாவில் இறங்கியது. நான் குறுக்கே விழுந்து, "அசனீபய் மாத்தயா", வருத்தக்காரர் ஐயா என்று கும்பிட்டேன். அந்த அடியை மட்டும் எட்வின் மறக்கவேயில்லை.

பூனைகளுக்கு முன்னால் அவர் நல்ல பிள்ளை. கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். காது கிழிந்த சாம்பல் பெட்டை ஒன்று அவர் விரலை மோந்து பார்க்கும். அதை எடுக்கவேண்டும் என்று சொன்னார். அடிபட்ட பிறகு அவர் வேண்டும் என்று கேட்ட முதல் சாமான் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூனை வந்தால் மனுசனும் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினேன். முட்டாள்.

பரமேஸ் அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூனை கேட்கிற வீட்டுக்குத் தானே போய் ஒருநேரம் சாப்பிடுவா. சாப்பாடு சாட்டு, பார்ப்பது சூட்கேசை. அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தால் பூனை உண்டு. அடுக்கின சூட்கேஸ் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் அந்த வீடு பறக்கப் போகிறது, பூனை இல்லை.

கொட்டாஞ்சேனைக்கு வந்தா. மீன்குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தேன். கை கழுவ எழும்பினவ, குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த என் சூட்கேசைக் கண்டுவிட்டா. தூக்கிப் பார்த்தா, பாரம்.

"கனடாவோ லண்டனோ? முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. இன்னொரு பூனையைத் தெருவில விடப் பாத்தனீங்கள்" என்றா. குரலில் அவ்வளவு வெறுப்பு.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வெள்ளம் தலைக்கு மேலே போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? "கனடாவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மட்டக்குளியில என்ட தம்பி வீட்டுக்கு ஓடுறதுக்கு. இவர் என்னைக் கொல்லுற அண்டைக்கு" என்றேன்.

எட்வின் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் அடிக்கிறனா? பொய். உன்ட பல்லு வழுக்கி விழுந்துதானே உடைஞ்சது" என்றார். நீங்கள்தான் என்றேன். பொய் பொய் என்று கத்திக்கொண்டே வந்து என் தலையைச் சுவரில் மோதினார். ஒருதரம் இல்லை. காதுக்குள் விசில் அடித்தது. நெற்றி வெடித்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

பரமேஸ் அக்கா கூச்சல் போடவில்லை. அடுப்பில் இருந்த, கொதி அடங்காத சொதிச் சட்டியைத் தூக்கி அவர் முதுகில் ஊற்றினா. அவர் அலறிக்கொண்டு விழுந்தார். என் ஒரு கையையும் சூட்கேசையும் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் த்ரீவீலில் ஏற்றினா. பூனை தரமுடியாது என்று அப்போதுதான் சொன்னா. "பூனை எண்டால் கூரையால எண்டாலும் ஓடும். உன்னைத்தான் முதல்ல எடுக்கவேணும்."

அப்படித்தான் பூனை எடுக்கப் போன நான் பூனைகளோடு தங்கினேன். நெற்றிக்குத் தையல். பின்னறையில் ஒரு கட்டில், காலடியில் எப்போதும் இரண்டு மூன்று. எட்வினின் தம்பி வந்து அவரோடு தங்கினார். முதுகுத் தோல் உரிந்து ஆறும் மட்டும் எட்வின் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். இந்த முறை நான் டொக்டருக்கு ஒன்றும் மறைக்கவில்லை, வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். முதலே சொல்லியிருந்தால் முதலே மருந்தை மாற்றியிருப்பேனே என்று அவர் ஏசினார். மனநிலைச் சமன் மருந்து (கோபம் திடீரென ஏறாமல் தடுக்கும் குளிசை) தொடங்கியது. தயவுசெய்து டொக்டரிடம் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள்.

ஞாயிறு பூசை முடிய எட்வின் தம்பியோடு வெள்ளவத்தைக்கு வருவார். வாசல் மேசையில் இருப்பார். நான் விரும்பினால் எதிரில் போய் இருக்கலாம், விருப்பமில்லாவிட்டால் பின்னறையில் இருக்கலாம் என்பது பரமேஸ் அக்காவின் சட்டம். பல ஞாயிறு போகவில்லை. பிறகு போனேன். மருந்து வேலை செய்தது. யாரையும் அவர் தொடவில்லை, குரல் உயரவில்லை. பழைய எட்வினுடைய மெல்லிய சிரிப்பு ஒருநாள் வந்தது. வீட்டுக்கு வாவன் என்று கேட்டார். வாறன் என்று சொல்லிவிட்டேன். சூட்கேசையும் வெளியில் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது சாம்பல் பூனை மடியில் பாய்ந்து, தொடையில் நகத்தை இறக்கியது. அவர் கை மேலே போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்ததாக நான் பார்த்தது அவருடைய செருப்பை. மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலில் கிடந்தேன். எப்போது போனேன், எப்படிப் போனேன், தெரியாது.

கை யார் மீதும் விழவில்லை. பூனையைக் கழுத்தில் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டிருக்கிறார். அந்தக் கைக்கு அளவு திரும்பி வந்திருந்தது. பிசியோ மிஸ் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பா.

எட்வின் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். அடித்தது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை, நான் சொன்னதைக் கேட்டும் தையலைப் பார்த்தும் நம்பியவர். இன்றுதான் கண்ணால் கண்டார். அவர் முகம் கறுத்துப் போனது. தரையில் எனக்கு எட்டத் தள்ளி இருந்துகொண்டு அழுதார். கையை நீட்டவில்லை.

"வராத ஸ்டெல்லா. நான் கூப்பிட்டாலும் வராத. உன்ட உடம்பு ஓம் எண்டு சொன்னால் வா" என்றார். பிறகு எழும்பி, என் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்துவிட்டு, தம்பியோடு பஸ்ஸுக்குப் போனார்.

அவருக்கு நோய் சுகமாகிவிட்டது என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறுகளில் இப்போதும் வருகிறார். எதிரில் இருந்து கதைக்கிறேன், சிரிக்கிறேன், அவரில் எனக்கு விருப்பம்தான். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கையைத் தூக்குகிறார். என் உடம்பு கதிரையிலிருந்து பாதி எழும்பிவிடுகிறது.