கூரை பிரித்த நாள்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு மோகனூருக்கு வடக்கே ஒரு மேட்டுக்காட்டில் இருந்தது. காவிரி கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் காட்டுக்கு ஏறாது. மழை பெய்தால் கம்பும் சோளமும் விளையும்; பெய்யாவிட்டால் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மண் சுவர், பனையோலைக் கூரை. வீட்டில் என் வீட்டுக்காரர், மாமனார், நான் என மூன்றே பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்தடுத்து மழை பொய்த்ததும், ரப்பர்த் தோட்ட வேலைக்கு மலாயா போவதென்று வீட்டுக்காரர் முடிவு செய்தார். புறப்படும் முன் பழைய கூரையைப் பிரித்துப் புது ஓலை மேய்ந்தார். அவர் மேலே உட்கார்ந்து கட்ட, மாமனார் கீழிருந்து ஓலையை எறிய, நான் கற்றாழை நாரை நனைத்து நனைத்துக் கொடுத்தேன்.

"நாலஞ்சு வருசம் அசையாது புள்ள" என்றார் இறங்கி வந்து. "இது இத்துப் போறதுக்குள்ள வந்து ஓடு போட்டுருவேன்."

"ஓடெல்லாம் வேண்டாங்க. நீங்க வந்தாப் போதும்."

சிரித்தார். அந்த வாரமே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டார்.

முதலில் சில வருடம் தகவல் வந்தது, பணமும் வந்தது. அடுத்த தைக்கு வருகிறேன், அதற்கடுத்த தைக்கு வருகிறேன் என்று யார் கையாலோ எழுதி அனுப்புவார். பிறகு சண்டை வந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதோடு எல்லாம் நின்றுபோயிற்று.

மழை பெய்கிற ஊர்களில் கூரை கெட்டது ஒழுகும்போதே தெரிந்துவிடும். எங்களுடையது வெயிலில் வெந்து கெட்ட கூரை. அது தன் கேட்டை மெல்லத்தான் காட்டும். ஓலை மஞ்சளாக இருந்து வைக்கோல் நிறமாகி, பிறகு சாம்பல் பூத்தது. நிறத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. சாம்பல் பூத்த ஓலை அப்புறமும் உழைக்கும். எனக்கு முதலில் தெரிந்தது அதன் சத்தம்தான். காற்றடித்தால் சலசலத்துக்கொண்டிருந்த ஓலை, ஒரு கோடையில் யாரோ அப்பளத்தை நொறுக்குவதுபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு தூசி. காலையில் கூட்டிவிட்டுப் போனால், மதியம் வந்து பார்க்கும்போது தண்ணீர்ப் பானை மூடியின்மேல் பழுப்பாகத் தூள் படிந்திருக்கும். முன்பெல்லாம் காட்டிலிருந்து வந்து உள்ளே நுழைந்தால் உடம்பு குளிரும். இப்போது உச்சி வெயிலில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிப்போனது. தரையில் காசு காசாக வெளிச்சம் விழுந்தது.

ஒருநாள் எரவாணத்தில், கூரை இறங்கும் ஓரத்தில், நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஓலையை மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை, ஒடிந்தது. கட்டு நாரை இழுத்தேன், அது மாவாகக் கையில் உதிர்ந்தது.

"மாமா, கூரைய மாத்தோணுமுங்க" என்றேன்.

"ஒழுகுதா?"

"மழ பேஞ்சாத்தானுங்களே ஒழுகும்?"

"ஒழுகட்டும், அப்பறம் பாக்கலாம். அவன் வந்து மேஞ்சுக்குவான்."

ஓட்டை தெரிந்த இடத்தில் ஒரு துண்டு ஓலையைச் செருகிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடமும் கேட்டேன். அதே பதில். அவரோடு நான் வாதாடவில்லை. வீட்டுக்காரர் கைபட்ட கட்டு ஒவ்வொன்றும் என் தலைக்கு மேலே இருந்தது. அதை அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு சித்திரையில், பட்டப்பகலில் ஆலங்கட்டி மழை கொட்டியது. சட்டி பானை எல்லாவற்றையும் எடுத்து வைத்தும் போதவில்லை. கூரையிலிருந்து காப்பித்தண்ணி நிறத்தில் தண்ணீர் இறங்கியது. மாமனார் தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு மூலையில் குந்தியிருந்தார். மழை விட்டதும் எழுந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வடக்குப் பக்கம் அவ்வளவா ஒழுகல அம்மணி" என்றார். ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல இருந்தது அவர் குரல்.

அந்தச் செய்தி என் அண்ணன் காதுக்குப் போயிற்று. வண்டி நிறையப் பனையோலையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏனுங்க மாமா, இதுக்கடியில என்ற தங்கச்சி எப்படிங்க குடியிருப்பா?"

மாமனார் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "அவன் கட்டுன கூரை மாப்பள. அவன் வந்து பிரிப்பான். ஓலைய எறக்காதீங்க."

"அவரு வாரப்ப வரட்டுமுங்க. அதுவரைக்கும்..."

"எறக்காதீங்கன்னு சொன்னேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீயாச்சும் சொல்லு அம்மணி." நான் உள்ளே போய்விட்டேன். வந்த ஓலை வந்த வழியே திரும்பிப் போனது.

சண்டை முடிந்து கப்பல் விட ஆரம்பித்தார்கள். மலாயாவிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் வாசலில் சாணம் தெளிப்பதைக்கூட ஒருநாள் விடவில்லை. மாமனார் சந்தைக்குப் போனால் இருட்டும்வரை வரமாட்டார். அங்கே வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் ஓர் ஆள் எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். குமாரபாளையத்துப் பக்கத்துக்காரர். எலும்பும் தோலுமாக இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மாமனார் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நானும் அவரும் ஒரே தோட்டமுங்க. சப்பான்காரன் வந்து, சயாம்ல ரயில் ரோடு போடோணும்னு எங்களை ஏத்திக்கிட்டுப் போனான். அங்க மழைங்க... நம்மூர்ல ஒரு வருசம் பேயறது அங்க ஒரு நாள்ல பேயும். எல மேஞ்ச கொட்டாய்ல போட்டுருந்தாங்க. ராப்பகலா ஒழுகும். உங்க மவன்தான் ஏறி ஏறிச் சரி பண்ணுவாரு. 'எங்கூர்ல மழ பேயலைன்னு கப்பல் ஏறுனேன், இங்க வந்து மழையோட மல்லுக்கட்டறேன்'னு சொல்லுவாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பறம் வாந்திபேதி வந்துச்சுங்க. ரொம்ப நாள் கெடக்கல. நாந்தானுங்க தூக்கிட்டுப் போனேன்."

எந்த வருடம் என்று நான்தான் கேட்டேன். சொன்னார். அண்ணன் ஓலை வண்டியோடு வந்து நின்றபோதே என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை.

மாமனார் ஒன்றே ஒன்று கேட்டார். "காட்டுக்குள்ளயா பொதச்சீங்க, ஆத்தோரமா?"

"ஆத்தோரமுங்க."

மாமனார் தலையாட்டினார். அந்த ஆளுக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். அவர் குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டிப்பாதை வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நான் அடுப்படியில் விழுந்து கிடந்தேன். அவர் என்னை எழுப்பவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றிலிருந்து குடத்தோடு திரும்பும்போது வீட்டுக்கு மேலே புகைபோல எழும்புவதைப் பார்த்து, தீப்பிடித்துக்கொண்டது என்று ஓடினேன். தீ இல்லை, தூசி. மாமனார் முகட்டில் உட்கார்ந்து ஓலையைப் பிய்த்துக் கீழே எறிந்துகொண்டிருந்தார்.

"மாமா, எறங்குங்க! கைமரம் தாங்காதுங்க."

"இத்துப் போச்சு அம்மணி."

"ஆளக் கூட்டியாந்து பிரிக்கலாமுங்க. எறங்குங்க."

"எப்பவோ இத்துப் போச்சு சாமி. எனக்குத் தெரியும்."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிடலாம் என்றுதான் ஏணியில் ஏறினேன். கிட்டே போய்ப் பார்த்தால், பனைமட்டையின் ரம்பம்போன்ற கருக்கு கிழித்து இரண்டு கையிலும் ரத்தம். தலை, புருவம், மீசை எல்லாம் பழுப்புத் தூள். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் அந்தத் தூளில் இரண்டு கோடு போட்டிருந்தது. அவர் இறங்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் குந்தி நானும் பிய்க்க ஆரம்பித்தேன். எடுத்த ஓலையெல்லாம் கைக்குள்ளேயே நொறுங்கியது. ஒரு கட்டை அவிழ்க்கப் போனேன், முடிச்சைத் தொட்டதும் எனக்கு அழுகை வெடித்தது. கூரைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும். மாமனார் கையை நிறுத்தவில்லை. "அழு சாமி, அழு" என்று சொல்லிக்கொண்டே பிய்த்தார்.

பழைய கூரை ஓலையை யாரும் வீணாக்கமாட்டார்கள். காட்டில் போட்டு மக்கவிட்டு உழுவார்கள். மாமனார் அதைக் களத்தில் குவித்துத் தீ வைத்தார். அத்தனை காய்ந்த ஓலை, ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குக்கூட எரியவில்லை. சாம்பல்மேல் பால் தெளித்துவிட்டு, மோகனூருக்கு நடந்துபோய்க் காவிரியில் முழுகிவிட்டு வந்தார். ஊர்ப் பெண்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தாலியை வாங்கி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

மேலே மறைப்பில்லாத வீட்டில் சில நாள் இருந்தோம். பிறகு மாமனார் சொல்லியனுப்ப, அண்ணன் மறுபடியும் ஓலை கொண்டு வந்தான். அக்கம்பக்கத்தாரும் வந்து கைகொடுத்தார்கள். மேய்ந்து முடித்து உள்ளே போனபோது பச்சை ஓலை வாசம் மூச்சை அடைத்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அண்ணன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். "கெளம்பு அம்மணி. இனி இங்க என்ன இருக்குது?"

மாமனாரும் அதையேதான் சொன்னார். "போ சாமி. சின்ன வயசு. எனக்கென்ன, ஒரு வேளச் சோறு நானே ஆக்கிக்குவேன்."

அவர் கையில் துணி சுற்றியிருந்தது. கருக்குக் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையால் அவர் எப்படிக் கம்பு இடிப்பார் என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணனின் வண்டி போயிருந்தது.