மாற்றாமல் விட்ட ஒரு ஸ்பிரிங்

போன மழைக்காலம் முடிந்த சமயம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தையல் கடையின் ஷட்டர் திடீரென்று தூக்க முடியாமல் கனத்தது. போலகத்திலிருந்து வந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். மேலே உருளையில் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று உடைந்திருந்தது.

புதிய ஸ்பிரிங்கையும், உடையாமல் இருந்த பழையதையும் அருகருகே தரையில் வைத்துக் காட்டினார். புதியது இறுக்கமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. பழையதைத் தட்டினால் துரு உதிர்ந்தது.

"உப்புக்காத்து தின்னுருக்குக்கா. ரெண்டையும் மாத்திடுங்க."

"நல்லா இருக்கறத எதுக்குத் தம்பி தூக்கிப் போடணும்?" என்றேன், என்னவோ எனக்குத்தான் எல்லாம் தெரிந்த மாதிரி. அவர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால், ஆள் உள்ளே சாப்பிடுகிறார் என்று அர்த்தம். வேண்டியவர்கள் குனிந்து உள்ளே வருவார்கள். திருவேட்டக்குடியிலிருந்து மீன் விற்க வரும் அக்காவும் அப்படித்தான். மீன் இருக்கும் அலுமினிய அன்னக்கூடையை முதலில் உள்ளே தள்ளுவார். பின்னாலேயே குனிந்து நுழைந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

ஸ்பிரிங் மாற்றி நாலே நாள்தான். அன்றும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அன்னக்கூடை உள்ளே வந்தது. அடுத்த நொடி, தலைக்கு மேலே வெடி வெடித்தாற்போல ஒரு சத்தம். ஷட்டர் தடதடவென்று விழுந்தது. கடை இருண்டுவிட்டது. ஷட்டரின் அடி இடுக்கில் வந்த வெளிச்சத்தில், நசுங்கிக் கிடந்த அன்னக்கூடைக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ என் காலை நோக்கி ஓடி வந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். ஷட்டரைப் பிடித்துத் தூக்கினேன்; அசையவே இல்லை. கொன்றுவிட்டேன், நான்தான் கொன்றுவிட்டேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் வெளியிலிருந்து ஷட்டரைப் படபடவென்று தட்டும் சத்தம்.

"அடியே, உள்ள உனக்கு ஒண்ணும் ஆவலயே? வாயத் தொறந்து சொல்லுடி!"

அக்கா குனியப் போன நேரத்தில் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்திருக்கிறது. எடுக்க நிமிர்ந்திருக்கிறார். ஓடி வந்தது மீன் ரத்தம். மேலே உடைந்தது, நான் மாற்றாமல் விட்ட பழைய ஸ்பிரிங்.

ஆட்கள் வந்து ஷட்டரைத் தூக்கியதும், மெக்கானிக் சொன்னதை மறைக்காமல் அவரிடம் சொல்லி அழுதேன். திட்டவில்லை. நசுங்கிய அன்னக்கூடையிலிருந்து மிஞ்சிய மீனைப் பொறுக்கி எடுத்தார்.

இப்போது இரண்டும் புது ஸ்பிரிங். மதியத்தில் ஷட்டரை முழுதாகத் தூக்கித்தான் வைக்கிறேன். ஆனாலும், தான் தப்பியதைக்கூட நினைக்காமல் என்னைத் தேடிய அந்தக் குரலை நானே இல்லாமல் ஆக்கியிருப்பேனே என்று நினைத்தால், இன்றைக்கும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஷட்டரை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.