பினாயில் அக்காவின் முயல்

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அவளை எல்லாரும் பினாயில் அக்கா என்றே கூப்பிட்டார்கள். தனிக்கட்டையான அவளுக்குத் துணை ஒரு முயல்தான். அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக, அகலமான பிளாஸ்டிக் தட்டு வாங்கிக் காய்ந்த புல் பரப்பியிருந்தாள். தினமும் தட்டைப் பினாயில் போட்டுத் தேய்ப்பாள். முயலோ அதை மோந்து பார்த்துவிட்டு, எதிர் மூலையில் கிடக்கும் பாயை நனைக்கும்.

வீட்டுக்காரம்மா கறாராகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போகணும், இல்லேன்னா முயல் போகணும்."

விஷயம் கேட்டு வந்த தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "இது என்ன உன் வார்டா? அதோட வாசனை இருந்தாத்தானே அதுக்கு இடம் தெரியும்? வெறும் தண்ணியில கழுவு. அது நனைச்ச பாயில தொடச்ச புல்லு ஒரு பிடி போட்டு, அது போற மூலையிலயே வை."

"அழுக்கையா விட்டு வைக்கச் சொல்றே?"

ஆனாலும் கடவுளை வேண்டிக்கொண்டு அப்படியே செய்தாள். தட்டில் பினாயில் ஊறிப்போயிருந்தது. முயல் கிட்டவே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை முயலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் போன் செய்தாள்.

"புதுத் தட்டு வச்சேன்க்கா. மொத நாளே அதுலயே போயிடுச்சு!"

"நல்லா இருக்கட்டும்டி" என்றாள் அக்கா.

வாளியும் துணியுமாக முயல் நனைத்த மூலைக்குப் போனவளுக்கு, அதைத் துடைக்கக் கை வரவில்லை.